அட்டவணையின் வடிவமும் நூலின் வடிவமும்: ரூபி ஆன் ரெயில்ஸ் சட்டகத்தின் எக்ஸ்எம்எல் மாற்றம் - ஒரு மதிப்பீடு

முன்னுரை

மின்னூலகங்களில் இலக்கிய நூல்களைத் தரவுத்தளப் பதிவுகளாகச் சேமிக்கும் வழக்கம் உண்டு. அப்பதிவுகளைப் பிற நூலகங்களுக்கு வழங்கவும் நெடுங்காலம் பேணவும் எக்ஸ்எம்எல் வடிவம் ஏற்றதாகக் கருதப்படுகிறது. 1998 பிப்ரவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்த இவ்வடிவத்தின் சிறப்பு, அதனை உருவாக்கிய மென்பொருள் மறைந்த பின்னரும் தரவைப் படிக்க இயலும் என்பதாகும். ஆயினும் பதிவுகளை எக்ஸ்எம்எல்லாக மாற்றுவது வேறு. ஒரு நூலை எக்ஸ்எம்எல்லில் அமைப்பது வேறு. ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் வலைச்செயலிச் சட்டகம் வழங்கும் தானியங்கு மாற்றத்தைத் திருக்குறளுக்கும் அதன் உரைகளுக்கும் பொருத்தி, இவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாற்றம் நிகழும் முறை

2004இல் வெளிவந்த இச்சட்டகத்தின் ஆக்டிவ் ரெக்கார்டு என்னும் பகுதி, அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் நிரலில் ஒரு பொருளாகக் கையாள்கிறது. அப்பொருளின்மீது ‘டு எக்ஸ்எம்எல்’ என்னும் கட்டளையை இயக்கினால் புலப்பெயர்கள் குறிச்சொற்களாகின்றன. புலத்தின் மதிப்பு எண்ணாயின் அதன் தரவினமும், மதிப்பே இல்லையாயின் அவ்வின்மையும் பண்புகளாகக் குறிக்கப்பெறுகின்றன. வேண்டிய புலங்களை மட்டும் தேர்ந்தெடுக்கவும், தொடர்புடைய அட்டவணைகளை உள்ளடக்கவும் வழியுண்டு. இவையனைத்தும் ஒரே வரி நிரலில் முடிவது பாராட்டத்தக்கது. இரு செயலிகள் தம்முள் தரவைப் பரிமாறிக்கொள்வதற்கு இவ்வசதி பெரிதும் பயன்பட்டது.

வைப்புமுறை மறைதல்

இலக்கிய நூலுக்கு இதே முறையைக் கையாளும்போது இடர் தோன்றுகிறது. 1330 குறள்களுக்கும் இன்று வழங்கும் தொடரெண், பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையை ஒட்டியது. மணக்குடவர் உரையில் குறள்களின் வரிசை பல இடங்களில் வேறுபடுகிறது. தொடரெண்ணையே அடையாளமாகக் கொண்ட குறள் அட்டவணையோடு மணக்குடவர் உரையை இணைத்துத் தானியங்கு முறையில் மாற்றினால், அவ்வுரை முழுவதும் பரிமேலழகர் வரிசையில் வந்து அமையும். வெளிவரும் கோப்பில் எவ்விதப் பிழையும் காட்டப்படாது. எக்ஸ்எம்எல் விதிப்படி அது குறையற்ற கோப்பே. ஆனால் மணக்குடவர் எக்குறளை அடுத்து எக்குறளை வைத்தார் என்னும் செய்தி அதில் இராது. உரைவேறுபாட்டை ஆராய்வோர்க்கு அச்செய்தி முதன்மைச் சான்றாகும்.

உரையின் உள்ளமைப்பு

பரிமேலழகர் உரையில் பொழிப்பும், இலக்கணக் குறிப்பும், பிறர் கொண்ட பாடம் பற்றிய கருத்தும், பிறநூல் மேற்கோளும் அடுத்தடுத்து வருகின்றன. தரவுத்தளத்தில் இவையனைத்தும் ‘உரை’ என்னும் ஒரே புலத்தில் அடங்கிவிடுகின்றன. பதிப்பாசிரியர் அப்புலத்தினுள் மேற்கோளையும் பாடவேறுபாட்டையும் தனித்தனிக் குறிச்சொற்களால் பிரித்திருந்தாலும் பயனில்லை. தானியங்கு மாற்றம் அக்குறிச்சொற்களின் கோணக்குறிகளை வெறும் எழுத்துகளாகக் கொண்டு மாற்றுக்குறிகளால் எழுதிவிடுகிறது. அதனால் பதிப்பாசிரியரின் உழைப்பு, கோப்பைப் பெறும் கணினிக்கு வெறும் எழுத்துத் தொடராகிவிடுகிறது.

பெயரிடலிலும் சட்டகத்தின் மொழிச்சார்பு வெளிப்படுகிறது. ‘குறள்’ என்று ரோமன் எழுத்தில் பெயரிட்ட வகுப்பின் தொகுதியை மாற்றினால், ஆங்கிலப் பன்மை விதிப்படி ‘குறள்ஸ்’ என்பதே மூலக் குறிச்சொல்லாகும். தமிழ் எழுத்துகளிலேயே குறிச்சொல் அமைக்க எக்ஸ்எம்எல் இடமளிக்கிறது என்பது இங்கு நினைக்கத்தக்கது. தடையாக நிற்பது வடிவமன்று; சட்டகத்தின் இயல்புநிலை அமைப்பே.

சட்டகத்தைச் சார்ந்திருத்தல்

2016இல் வெளிவந்த ரெயில்ஸ் 5.0 பதிப்பில், பதிவுகளை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் இவ்வசதி சட்டகத்தின் மையத்திலிருந்து நீக்கப்பட்டுத் தனித்தொகுப்பாக்கப்பட்டது. செயலிகளுக்கிடையே ஜேசான் வடிவம் பரவிய சூழலில் இது இயல்பான முடிவே. எனினும் ஏற்றுமதி வடிவத்தைச் சட்டகத்தின் வசதிக்கே விட்டுவிடும் நூலகம், மென்பொருள் மாறினாலும் தரவு நிலைக்க வேண்டும் என்னும் தன் நோக்கத்தையே மென்பொருளின் போக்கிடம் ஒப்படைத்ததாகிறது.

மாற்று வழி

இதே சட்டகத்திலுள்ள பில்டர் வார்ப்புருக்களில் ஒவ்வொரு குறிச்சொல்லையும் பதிப்பாசிரியரின் திட்டப்படி எழுதலாம். அதற்கு முன் தரவுத்தளத்தில் இரண்டு திருத்தங்கள் வேண்டும். குறளின் அடையாளம் அதன் வரிசையெண்ணைச் சாராததாக இருத்தல் வேண்டும். வரிசையெண் குறளுக்குரிய பண்பாக அன்றி, ஒவ்வோர் உரைக்கும் தனித்தனியே பதியப்பெறல் வேண்டும். உரையின் உறுப்புகளையும் ஒரே புலத்தில் அடைக்காமல், 1987இல் தொடங்கிய டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ் வகுத்த நெறிகளைத் தழுவிக் குறிக்கலாம். செய்யுள், அடி, மேற்கோள், பாடவேறுபாடு ஆகியவற்றுக்கான உறுப்புகள் அந்நெறிகளில் உள்ளன.

முடிவுரை

தானியங்கு மாற்றம் தரவுத்தளத்தில் உள்ளதை உள்ளவாறே தருகிறது. அதில் பதியப்பெறாததைத் தர அதனால் இயலாது. ஆகவே குறை கட்டளையில் தொடங்குவதன்று. நூலின் அமைப்பை ஆராயுமுன் அட்டவணையை வரைந்ததில் தொடங்குகிறது. வைப்புமுறையும் உரைமரபும் அறிந்த புலவர், அட்டவணை வரையும் நாளிலேயே நிரலாளரோடு அமர்தல் வேண்டும். ஏற்றுமதி முடிந்தபின் அவர் செய்யும் திருத்தம், முன்பே இழந்த வரிசையை மீட்டுத் தராது.