வேலையை விட்ட பிறகு

"எல்லாத்தையும் விட்டுட்டு உருப்படியா ஏதாவது செய்யணும்." மும்பையை அடுத்த டோம்பிவிலியிலிருந்து சிஎஸ்எம்டி போகும் காலை லோக்கலில் இந்தப் பேச்சு காதில் விழுவது சகஜம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டு விலை கட்டுப்படியாகாமல் இங்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். நாளில் பாதி ஆபீசுக்கும் ரயிலுக்கும் போய்விட்டால் அந்த ஏக்கம் வரத்தான் செய்யும். ஏக்கத்துக்குத் தீனி போடும் கதைகளோ ராஜினாமா கடிதத்தோடு முடிந்துவிடுகின்றன.

கடிதத்துக்குப் பிந்தைய கதைக்கு ஓர் உதாரணம் டாக்டர் ரவி கண்ணன். அவர் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் அறுவைச் சிகிச்சைப் பிரிவின் தலைவராக இருந்தவர். 2007-ல் குடும்பத்தோடு அசாமின் சில்சாருக்குப் போனார். 2023-ல் மகசேசே விருது பெற்றார். அவர் சேர்ந்த கச்சார் புற்றுநோய் மருத்துவமனையை உள்ளூர்க்காரர்கள் 1996-லேயே தொடங்கியிருந்தார்கள். அங்கே நோயாளிகள் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். துணைக்கு வந்தவரின் தினக்கூலி போச்சு, தங்க இடமில்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை. மருத்துவமனை தங்குமிடமும் சாப்பாடும் தந்தது. துணைக்கு வந்தவருக்கு அங்கேயே தற்காலிக வேலையும் போட்டுக் கொடுத்தது. சிகிச்சையை விடாமல் தொடர்ந்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 70 சதவீதமானார்கள். அடையாற்றில் கற்ற தொழில் கையில் இல்லாமல் வெறும் நல்லெண்ணத்தோடு போயிருந்தால் இது நடந்திருக்காது.

மகாராஷ்டிரத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் படித்துத் திரும்பிய டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி 1986-ல் கட்சிரோலிக்குப் போனார்கள். அபய், வார்தாவின் காந்தியச் சூழலில் வளர்ந்தவர். அவருக்கு இது திடீர்த் திருப்பமே அல்ல. இருவரும் கிராமத்துப் பெண்களுக்கே சிசுப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். நிமோனியாவைக் கண்டுபிடிக்க மணிகள் கோத்த ஒரு சின்னக் கருவி. பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். ஒரு நிமிட மணற்கடிகாரத்தில் மணல் தீருவதற்குள் சிவப்பு மணி வந்துவிட்டால் ஆபத்து. பத்துக்கு மேல் எண்ணத் தெரியாதவரும் கையாளலாம் என்று சொல்லுமளவுக்கு எளிமை. பச்சிளம் சிசுக்களின் இறப்பு 62 சதவீதம் குறைந்ததை 1999-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. தனிமனிதரின் முடிவு ஊர் மொத்தத்துக்கும் பாடமாவது இந்த வழியின் பெரிய பலம்.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கட்சிரோலி முறையைப் பின்பற்றி, வீடு தேடிப் போய்ச் சிசுவைக் கவனிக்கும் திட்டம் 2011-ல் நாடு முழுக்க வந்தது. செய்கிறவர்கள் ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பெண் பணியாளர்கள். 42 நாளில் ஆறேழு முறை வீட்டுக்குப் போய்வந்தால் ஊக்கத்தொகை 250 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். இவ்வளவு குறைந்த தொகைக்கு பங் தம்பதி பொறுப்பல்ல. ஆனால் விரும்பி வசதியைத் துறந்த டாக்டர்களைக் கொண்டாடிய நாடு, அவர்கள் கண்டுபிடித்த வேலையைச் செய்யும் பெண்களிடம், கேட்காமலேயே தியாகத்தை வாங்கிக்கொள்கிறது. டாக்டருக்குத் திரும்பிப் போகப் பட்டம் இருக்கிறது. ஆஷாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 2023 அக்டோபரில் மகாராஷ்டிர ஆஷாக்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 2024 பிப்ரவரியில் மும்பை ஆசாத் மைதானத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது மதிப்பூதிய உயர்வு.