மருந்தும் தீட்டும்

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்க மெதடோன் நிலையங்களில் சிறுநீர்ச் சோதனை நடக்கும். ஹெராயின் இல்லையென்றால் 'சுத்தம்', இருந்தால் 'அழுக்கு'. பேச்சுவழக்குதான். ஆனால் சுத்தம் என்ற சொல்லின் சரித்திரத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தீட்டுக்கு அளவு கிடையாது. ஒரு சொட்டும் தீட்டே. இந்தத் தர்க்கப்படி, மெதடோன் குடித்துவிட்டு ஒழுங்காக வேலைக்குப் போகிறவரும் இன்னும் சுத்தமாகாதவர். 'ஒரு போதைய எடுத்துட்டு இன்னொண்ணக் கொடுக்கறாங்க, அவ்வளவுதானே?' என்ற கேள்வி இங்கிருந்துதான் வருகிறது.

1960களின் நடுவில் நியூயார்க்கில் வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் கண்டது வேறு. நாளுக்கு ஒருமுறை வாய்வழியே மெதடோன். உடல் முறுக்கல் நின்றது. அடுத்த ஊசிக்கான அலைச்சலும் நின்றது. சிகிச்சை தொடரும் காலத்தில் சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 2005இல் உலக சுகாதார நிறுவனம் மெதடோனையும் ப்யூப்ரநார்ஃபைனையும் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

ஃபூக்கோ படித்த நண்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள்: 'இதுவும் உடலைப் பழக்கி வைக்கிற அதிகாரந்தானே?' தட்டிக்கழிக்க முடியாத கேள்வி. 1971இல் நிக்சன் அரசு மெதடோனை விரிவாக்கியதில் குற்றத்தைக் குறைக்கும் கணக்கும் இருந்தது. 1970 நவம்பரில் தென் பிராங்க்ஸின் லிங்கன் மருத்துவமனையில் யங் லார்ட்ஸ், கருஞ்சிறுத்தைகள் முதலியோர் இடம்பிடித்து மக்கள் சிகிச்சைத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். கறுப்பு, போர்ட்டோரிக்க உடல்களை அடக்கிவைக்கும் கருவியாகவே அவர்கள் நீண்டகால மெதடோனைப் பார்த்தார்கள்; பிறகு அக்குபங்சர் பக்கம் போனார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயமுண்டு.

ஆனால் சந்தேகம் எதன்மேல் விழ வேண்டும்? மருந்தின்மேலா, அதன் வாசல்மேலா? வலிக்கு எழுதப்படும் மெதடோனை மருந்துக்கடையில் வாங்கலாம். போதை நோய்க்கு என்றால் அதே மெதடோன் உரிமம் பெற்ற நிலையத்தில்தான். வரிசையில் நின்று, செவிலியர் பார்க்கக் குடிக்கணும். நோயாளிகள் இதைத் 'திரவ விலங்கு' என்கிறார்கள். 2002இல் ப்யூப்ரநார்ஃபைன் வந்தபோது மருத்துவரின் அறையிலேயே சீட்டு வாங்கும் வாசல் திறந்தது. அதில் நுழைந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர், காப்பீடோ காசோ உள்ளவர். கறுப்பருக்கும் லத்தீனோக்களுக்கும் பழைய வரிசை. ஹெலனா ஹான்சனும் சாமுவேல் ராபர்ட்ஸும் 2012இல் எழுதியது இந்த இரண்டடுக்கைப் பற்றித்தான். முழுசாப் பொருந்தாது என்று தெரிந்தும் எனக்கு இரட்டைக் குவளைதான் ஞாபகம் வருகிறது.

புதிய வாசலுக்கும் காவல் இருந்தது. ஆக்சிகோடோன் எழுதும் மருத்துவருக்கு இல்லாத நிபந்தனைகள் ப்யூப்ரநார்ஃபைன் எழுதுபவருக்கு: 8 மணிநேரப் பயிற்சி, தனி அனுமதி, தொடக்கத்தில் 30 நோயாளிக்கு மேல் கூடாது. இது ஒழிந்தது 2022 டிசம்பரில். அந்த ஓராண்டில் மட்டும் மிகைப்போதையில் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 2024இல் மெதடோனை வீட்டுக்கு எடுத்துப்போகும் விதி தளர்ந்தது. நிலையம் என்ற வாசல் அப்படியே நிற்கிறது.

பிரான்ஸில் 1990களின் நடுவிலிருந்து பொது மருத்துவர்களே ப்யூப்ரநார்ஃபைன் எழுதலாம் என்றானது. சில ஆண்டுகளில் மிகைப்போதைச் சாவுகள் வெகுவாகச் சரிந்தன. மருந்து அதேதான், வாசல்தான் வேறு.

நாமும் 'போதை அடிமை' என்றே எழுதுகிறோம். எதையும் சாராதிருப்பதே விடுதலை என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. தினம் இன்சுலின் போடுகிறவரை நாம் அப்படிச் சொல்வதில்லை. மருத்துவ அதிகாரத்தை விமர்சிப்பதை நான் கைவிடச் சொல்லவில்லை. மருந்து வேண்டாமென்று மறுக்கும் உரிமையும் நோயாளிக்கு வேண்டும். ஆனால் மறுக்கிறதுக்கு முதலில் அது கைக்கு எட்டணும். ஆளும் உயிரோட இருக்கணும்.