ஈயம் அடைத்த குண்டும் ஜிஎஃப்எக்ஸ் கருவியும்

பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியில் விட்டுச்சென்ற விளையாட்டுகளுள் இன்றும் ஆடப்பட்டுவரும் ஒன்று பெத்தாங். உலோகக் குண்டை வீசி, சிறு மரக்குண்டின் அருகே நிறுத்துவதே இதன் நோக்கம். குண்டின் விட்டம் 70.5 மில்லிமீட்டர் முதல் 80 மில்லிமீட்டர் வரையிலும், எடை 650 கிராம் முதல் 800 கிராம் வரையிலும் இருக்கலாம் என்று ஆட்டக்காரரின் விருப்பத்துக்கு இடம் கொடுக்கும் பன்னாட்டு விதிகள், அந்தக் குண்டுக்குள் ஈயத்தையோ மணலையோ அடைப்பதை மட்டும் முற்றாக விலக்குகின்றன. கை சிறியவர் சிறிய குண்டை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எதிராளியின் கண்ணுக்குத் தெரியாத எதுவும் அதற்குள் இருக்கக் கூடாது. கருவியைத் தன் உடலுக்குப் பொருத்திக்கொள்வது ஒன்று, கருவிக்குள் ஒளித்துவைத்ததைக் கொண்டு வெல்வது வேறொன்று என்ற இந்தப் பாகுபாடு இணையவழிப் பலர்-ஆட்டங்களில் இன்னும் உறுதிப்படவில்லை. வெளி நிரல்களைப் பற்றி ஆட்டக்காரர்களுக்கிடையே நடக்கும் ஓயாத வாக்குவாதம் இந்தக் குறையிலிருந்தே பிறக்கிறது.

விளையாட்டை உருவாக்கிய நிறுவனம் அல்லாத பிறர் எழுதி, விளையாட்டின் தோற்றத்தையோ, அது தரும் தகவலையோ, அதன் இயக்கத்தையோ மாற்றும் நிரல் ‘மாட்’ எனப்படுகிறது. இதனைப் பொதுவாகக் களவு என்று ஒதுக்கிவிட வரலாறு இடம் தராது. கவுண்டர்-ஸ்ட்ரைக், 1999இல் ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டின் மீது இரு ஆர்வலர்கள் எழுதிய மாட்டாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு வால்வ் நிறுவனத்தின் உடைமையானது. டோட்டா, ‘வார்கிராஃப்ட் 3’ ஆட்டத்தின் மாட்டிலிருந்து வளர்ந்தது. ஐரிஷ்காரரான பிரெண்டன் கிரீன், ‘ஆர்மா 2’ ஆட்டத்துக்கு எழுதப்பட்ட ‘டேய்சி’ என்னும் மாட்டின் மேல் தமது மாட்டை எழுதி, கடைசியாக எஞ்சும் ஒருவரே வெல்லும் ஆட்டமுறைக்கு வடிவம் கொடுத்தார். அதுவே 2017இல் பப்ஜி ஆயிற்று, 2018இல் கைப்பேசிக்கு வந்தது. இந்தியாவில் 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டபின், கொரிய நிறுவனமான கிராஃப்டன் 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பாக பிஜிஎம்ஐ ஆட்டத்தை வெளியிட்டது. 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு 2023 மே மாதம் திரும்பி வந்த அந்த ஆட்டம், வெளி நிரல்களைத் தன் விதிகளில் தடை செய்திருந்தாலும், வம்சவழியில் ஒரு மாட்டின் பேரப்பிள்ளைதான்.

இந்த பிஜிஎம்ஐ ஆட்டத்தைச் சுற்றியே இந்தியாவின் மிகக் கூர்மையான மாட் விவாதம் நடக்கிறது, அதன் மையத்தில் இருப்பது ஜிஎஃப்எக்ஸ் கருவி. திரையில் ஒரு நொடிக்கு எத்தனை படங்கள் காட்டப்படுகின்றன என்பதை ஆட்டக்காரர்கள் எஃப்பிஎஸ் என்பார்கள். எந்தக் கைப்பேசிக்கு 30, எதற்கு 60, எதற்கு 90 அல்லது 120 என்பதை ஒவ்வொரு மாதிரிக்கும் விளையாட்டே முடிவு செய்து, மற்றத் தெரிவுகளை அமைப்புப் பட்டியலில் பூட்டிவைக்கிறது. ஜிஎஃப்எக்ஸ் கருவி, கைப்பேசியில் உள்ள அமைப்புக் கோப்புகளைத் திருத்தி இந்தப் பூட்டைத் திறக்கிறது. நொடிக்கு 30 படங்கள் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 33 மில்லிநொடி, 60 என்றால் 17 மில்லிநொடி, 90 என்றால் 11 மில்லிநொடி. சுவரோரத்தில் இருவர் ஒரே கணத்தில் எட்டிப் பார்க்கும்போது, 90இல் ஆடுபவர் 30இல் ஆடுபவரைவிட அதிகபட்சம் ஏறத்தாழ 33 மில்லிநொடி முன்னதாக எதிராளியைக் காணக்கூடும். கண்டதற்குக் கை எதிர்வினையாற்ற மனிதருக்குச் சுமார் 200 மில்லிநொடி ஆகிறது என்பதை நினைத்தால் இது சிறிய அளவே. எனினும் ஓடும் இலக்கைத் தொடர்ந்து குறிவைக்கும்போது படங்களின் தொடர்ச்சி கையின் நிதானத்தையே தீர்மானிப்பதால், உண்மையான பயன் இந்தக் கணக்கு காட்டுவதைவிடப் பெரியது.

வாக்குவாதத்தில் இரு தரப்பும் ஜிஎஃப்எக்ஸ் கருவியை ஒற்றைப் பொருளாகவே கொண்டு பேசுகின்றன, குழப்பத்துக்குக் காரணம் அதுவே. உண்மையில் அது மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, பழைய கைப்பேசியில் படத்தின் துல்லியத்தைக் குறைத்து, ஆட்டம் திக்கித் திணறாமல் ஓட உதவுவது. ஆட்டக்காரர் இங்கே பார்வையின் தெளிவை இழந்து ஓட்டத்தைப் பெறுகிறார், எதிராளிக்குக் கிடைக்காத எதுவும் அவருக்குக் கிடைப்பதில்லை. இரண்டாவது, நிறுவனம் அந்த மாதிரிக்கு வழங்காத எஃப்பிஎஸ் அளவைத் திறந்துவிடுவது. விலையுயர்ந்த கைப்பேசிக்காரருக்கு நிறுவனமே தரும் 90ஐ, அதே திறனுள்ள திரை இருந்தும் பட்டியலில் இடம்பெறாத மாதிரியை வாங்கியவர் குறுக்கு வழியில் பெறுவது குற்றமா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. மூன்றாவது, நிழலையும் புல்லையும் திரையிலிருந்து அகற்றுவது. புல்லில் படுத்து மறைந்திருப்பதாக நம்பும் எதிராளி, இவருடைய திரையில் வெற்று நிலத்தில் கிடப்பார். இதுதான் ஈயம் அடைத்த குண்டு. முதலாவதைப் பயன்படுத்தும் ஏழை மாணவரையும் மூன்றாவதைப் பயன்படுத்தும் வஞ்சகரையும் ஒரே விதியால் அளக்கும்போது முன்னவருக்கு அநீதி நேர்கிறது. முன்னவரின் நியாயத்தைக் காட்டிப் பின்னவர் தப்பிப்பது அதைவிட மோசமான விளைவு.

ஒளித்துவைக்காமல் அனைவருக்கும் வழங்கிவிட்டால் சிக்கல் தீரும் என்ற வாதத்துக்கு ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இருபதாண்டு அனுபவத்தின் வழியே விடை தருகிறது. 2004இல் வெளியான அந்த ஆட்டத்துக்கு ‘லுவா’ என்னும் நிரல்மொழியில் துணைநிரல்கள் எழுத பிளிசார்ட் நிறுவனம் தொடக்கம் முதலே அனுமதித்தது. குழுவாகச் சேர்ந்து பேருருவ எதிரிகளை வீழ்த்தும் போர்களில், எப்போது நகர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று எச்சரிக்கும் நிரல்கள் பெருகியபோது, அவற்றை எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணத்தில் வடிவமைப்பாளர்கள் போர்களை மேலும் சிக்கலாக்கினர். சிக்கல் கூடியதால் நிரல்கள் இன்னும் கூர்மையடைந்தன. நிற்க வேண்டிய இடத்தைத் தரையிலேயே வரைந்து காட்டிய ஏவிஆர் என்ற நிரலை 2010இல் நிறுவனம் முடக்க நேர்ந்தது. இறுதியில் ‘மிட்நைட்’ என்னும் விரிவாக்கத்துக்காக, போர்க்களத் தகவல்களைத் துணைநிரல்கள் கணக்கிட்டு முடிவு சொல்வதைத் தடுப்பதாக 2025இல் அறிவித்தது. அனுமதிக்கப்பட்ட கருவி காலப்போக்கில் கட்டாயக் கருவியாகிறது என்பதும், அதை நிறுவாத புதியவருக்கு ஆட்டத்தில் இடமே இல்லாமல் போகிறது என்பதும் இந்த வரலாற்றின் பாடங்கள்.

‘ஃபைனல் ஃபேன்டசி 14’ எதிர்த் திசையில் நடந்தது. அங்கு வெளி நிரல்கள் அனைத்தும் விதிப்படி தடை செய்யப்பட்டவை. கணினியில் ஆடுபவர் மறைவாக அவற்றைப் பயன்படுத்தலாம், பிளேஸ்டேஷனில் ஆடுபவரால் அதுவும் முடியாது. 2023 ஜனவரியில் ‘ஒமேகா புரோட்டோகால்’ என்ற மிகக் கடினமான போரை உலகிலேயே முதலில் முடித்ததாகக் கொண்டாடப்பட்ட குழு, ஆட்டத்தின் பார்வைக் கோணத்தை விதி அனுமதிப்பதைவிடத் தொலைவுக்கு நகர்த்திக் களம் முழுவதையும் பார்த்தபடி ஆடியது காணொளியால் வெளிப்பட்டது. தயாரிப்பாளர் நவோக்கி யோஷிதா அந்தச் சாதனையை ஏற்க மறுத்து, அதைத் தம் பெயரிலேயே அறிவித்தார். தடையை எழுதிவைத்தது மட்டும் போதவில்லை, வெற்றிக்குரிய மதிப்பை மறுத்த பிறகுதான் விதிக்குப் பல் முளைத்தது.

இந்தியா இப்பாடத்தை இதற்கு முன்பே கடுமையாகக் கற்றது. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆசியப் போட்டியில், ஆப்டிக் இந்தியா அணியின் ஆட்டக்காரர் ஒருவர், தானாகவே குறிவைக்க உதவும் நிரலை ‘வேர்ட்’ என்ற பெயரில் மறைத்துவைத்திருந்ததை, ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் நடுவர்கள் கண்டுபிடித்தனர். அணி வெளியேற்றப்பட்டது, ஆப்டிக் நிறுவனம் தன் இந்திய அணியையே கலைத்தது, அந்த ஆட்டக்காரருக்கு ஐந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. எந்தத் தவறும் செய்யாத நான்கு சகவீரர்களும் தங்கள் அணியை இழந்தனர். சதுரங்கத்திலும் இது நிகழ்ந்தது. 2021 ஜூன் மாதம், கொரோனா நிவாரணத்துக்காக இணையத்தில் நடந்த காட்சி ஆட்டத்தில் விஸ்வநாதன் ஆனந்தை வென்ற தொழிலதிபர் நிகில் காமத், கணினியின் உதவியையும் பிறரின் உதவியையும் பெற்றதாக மறுநாளே ஒப்புக்கொண்டார். அறச்செயலுக்கான ஆட்டத்திலேயே இது நிகழ முடியுமென்றால், பரிசுப் பணம் உள்ள போட்டிகளில் கண்காணிப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இன்று இந்தக் கேள்விக்குச் சட்டத்தின் கனமும் சேர்ந்துள்ளது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் காட்சிப் பிரிவாக இருந்த மின்விளையாட்டு, 2023 ஹாங்ஜோவில் பதக்கப் பிரிவாயிற்று. ஜகார்த்தாவில் சீட்டு ஆட்டமான ‘ஹார்த்ஸ்டோனில்’ குஜராத்தின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். அதே ஆட்டத்தில், எந்தச் சீட்டுகள் இன்னும் கட்டில் மிஞ்சியுள்ளன என்று எண்ணிக் காட்டும் வெளி நிரலை, தாளும் பென்சிலும் வைத்து எவரும் செய்யக்கூடிய வேலைதான் என்பதால் பிளிசார்ட் பொறுத்துக்கொண்டது, நினைவாற்றலும் திறமைதானே என்று அதை எதிர்த்தவர்களும் உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம், மின்விளையாட்டு முன்கூட்டியே வகுக்கப்பட்ட விதிகளின்படி நடக்க வேண்டும் என்றும், அதன் முடிவு உடல் லாகவம், மனக்கூர்மை, வியூகச் சிந்தனை போன்ற திறன்களாலேயே அமைய வேண்டும் என்றும் வரையறுக்கிறது. புல்லை அழிக்கும் நிரல் இவற்றுள் எந்தத் திறனும் அன்று என்பதால், அதனைக் கொண்டு பெறும் வெற்றி இந்த வரையறைக்குள் அடங்காது.

ஆகவே, எதிராளிக்குக் கிடைக்காத தகவலையோ, ஆட்டக்காரரின் கையும் மூளையும் செய்ய வேண்டிய முடிவையோ வழங்கும் நிரல் எதுவாயினும் தடை செய்யப்பட வேண்டும். திணறலைக் குறைப்பதும், எழுத்தைப் பெரிதாக்குவதும், நிறக்குருடு உள்ளவருக்கு வண்ணங்களைப் பிரித்துக்காட்டுவதும் வெளி நிரலின் தயவில் நிற்காமல் விளையாட்டின் அமைப்புப் பட்டியலிலேயே எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். அவற்றைப் பூட்டிவைத்துவிட்டு, பூட்டைத் திறந்தவரைத் தண்டிக்கும் நிறுவனம் தன் பங்குப் பொறுப்பை ஆட்டக்காரர் மீது சுமத்துகிறது. புதுச்சேரியின் கல்லூரி விழாக்களிலும் உள்ளூர்ப் போட்டிகளிலும் மாணவர்கள் சொந்தக் கைப்பேசியிலேயே ஆடும் நிலை நீடிக்கும்வரை, அமைப்பாளர்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம்: எல்லாருக்கும் பொதுவான எஃப்பிஎஸ் உச்சவரம்பை அறிவிப்பது, ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு கைப்பேசியிலும் உள்ள செயலிகளைச் சரிபார்ப்பது, அனுமதிக்கப்பட்டவை எவை என்ற பட்டியலைப் பதிவுப் படிவத்துடன் தமிழில் அச்சிட்டுக் கொடுப்பது. பெரிய செலவு எதுவும் தேவைப்படாத இந்த ஏற்பாட்டை அடுத்த போட்டியிலிருந்தே அவர்கள் தொடங்க வேண்டும்.