பழைய மாஸி 1035: பெயின்ட்டை விடுங்கள், பின்பக்கத்தைப் பாருங்கள்

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வண்டிக்கு முன்னால் நின்றுதான் பார்க்கிறார்கள். பானட்டில் பெயின்ட் மினுங்குகிறதா, டயரில் பட்டன் இருக்கிறதா, ஸ்டார்ட் செய்தால் புகை வருகிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்கிவிடுவார்கள். இந்த மூன்றையுமே காசு கொடுத்துச் சரிசெய்துவிடலாம். பின்னால் போய், லிஃப்ட் கைகளுக்குக் கீழே குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு. பழைய வண்டியின் உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது.

கள்ளக்குறிச்சிப் பக்கம் மக்காச்சோளமும் மரவள்ளியும் போடும் எங்கள் காட்டுக்குக் குறைந்த செலவில் ஒரு வண்டி தேடியபோது, மாஸி ஃபெர்குசன் 1035 டிஐ தவிர வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. காரணம் பிராண்டு மோகம் இல்லை, உதிரிபாகம். 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் பல்லாண்டு காலமாக விற்றுவரும் வண்டி இது. உள்ளே இருப்பது மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜின். சுமார் 2,400 சிசி, 36 குதிரைத்திறன். பெர்கின்ஸ் இன்ஜின்களின் வழியில் வந்த இந்த வகையைப் பிரித்துப் பூட்டத் தெரியாத டீசல் மெக்கானிக்கை நம் ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிஸ்டன், லைனர், கேஸ்கட், கிளட்ச் பிளேட் எல்லாமே தாலுகா ஊர் ஸ்பேர் கடையிலேயே கிடைக்கும். பழைய வண்டிக்கு இதைவிடப் பெரிய தகுதி எதுவும் கிடையாது. விலை சற்றுக் குறைவு என்று அரிதான மாடலை வாங்கிவிட்டு, ஒரு சீலுக்காக விதைப்புப் பருவம் முழுக்க வண்டியை நிறுத்திப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

விலை பேசும் அளவுக்கு வந்தவை இரண்டு வண்டிகள். ஒன்று காட்டுமன்னார்கோவில் பக்கம் நின்றது. புதுச் சிவப்புப் பெயின்ட், புது முன்டயர். ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. மற்றது ஆத்தூர்ப் பக்கத்து வண்டி. பானட் நசுங்கி, சீட் கிழிந்து, சைலன்ஸரில் நீலப் புகை தள்ளிக்கொண்டிருந்தது. கூட வந்த மெக்கானிக் முதல் வண்டியின் இன்ஜினைத் திறக்கக்கூட இல்லை. பின்பக்கத்து டிரெயின் போல்ட்டை இரண்டு மரை மட்டும் தளர்த்தினார். முதலில் சொட்டியது தண்ணீர். அதன் பின்னால் மோர் நிறத்தில் ஆயில் இறங்கியது. “தம்பி, இது வருஷக்கணக்கா சேத்துல நின்ன வண்டி. பெயின்ட் அடிச்சவங்க இதை மாத்தியிருக்கலாம்ல?” என்று மட்டும் சொல்லிவிட்டு போல்ட்டை இறுக்கினார்.

அந்த மோர் நிறத்துக்கு ஏன் அவ்வளவு பயப்பட வேண்டும்? இந்த வண்டியில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். ஹைட்ராலிக் பம்பும் பின்பெட்டிக்குள், அதே ஆயிலில் மூழ்கியபடிதான் ஓடுகிறது. சேற்றுழவில் தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் பேரிங், பல்சக்கரம், பம்பு, வால்வு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அரிக்கும். வெளியே இருந்து எதுவும் தெரியாது. இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். கிரவுன் பினியனும் பம்பும் சேர்ந்து போன வண்டிக்கு, மேல்மூடியைக் கழற்றிப் பார்க்கும்வரை யாராலும் தொகை சொல்ல முடியாது.

சேற்றில் உழும் டெல்டா வண்டி என்றாலே மோசம் என்று சொல்லவில்லை. பருவம் முடிந்ததும் ஆயிலை மாற்றி, சீல் போட்டு வைத்திருந்தால் அது நல்ல வண்டிதான். டிரெயின் போல்ட்டைத் தளர்த்திப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் மேற்கொண்டு பேச வேண்டாம்.

ஆத்தூர் வண்டியின் லிஃப்ட்டைச் சோதித்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டி, முழு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினோம். இன்ஜின் ஓடும்போது கைகள் மேலும் கீழுமாகத் தலையாட்டுகின்றனவா என்று முதலில் பார்த்தோம். ஆட்டம் இருந்தால் உள்ளே எங்கோ ஆயில் கசிகிறது, பம்பு அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். பிறகு இன்ஜினை அணைத்தோம். கலப்பை அப்படியே நின்றது. அதோடு விடாமல், அரைமணி நேரம் உழுது ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு மறுபடியும் அதே சோதனையைச் செய்தோம். சூட்டில் ஆயில் இளகும். குளிர்ந்த நிலையில் ஒளிந்திருக்கும் கசிவு அப்போதுதான் வெளியே வரும். இரண்டாம் முறை கலப்பை இறங்கினாலும் மிக மெதுவாகத்தான் இறங்கியது. அங்கேயே விலை பேசி முடித்தோம், 1,60,000 ரூபாய்.

லிஃப்ட்டுக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம், இந்த வண்டியின் பரம்பரைச் சொத்தே அதுதான். வட அயர்லாந்து விவசாயி மகன் ஹாரி ஃபெர்குசன் 1920-களில் காப்புரிமை பெற்று வளர்த்தெடுத்த முறை இது. கலப்பை கட்டி மண்ணில் சிக்கினால் டாப் லிங்க் முன்னோக்கித் தள்ளி ஸ்பிரிங்கை அழுத்தும். வால்வு திறந்து கலப்பை சற்றே மேலேறும். கலப்பையின் சுமை பின்சக்கரத்தின் மேல் வந்து உட்காரும். அதனால்தான் சுமார் 1,700 கிலோ எடையுள்ள இந்தச் சின்ன வண்டி, சக்கரம் வழுக்காமல் ஆழமாக உழுகிறது. எங்கள் செம்மண் காட்டில் சுக்கான் கல் வரும் இடங்களில் டிராஃப்ட் லீவரைச் சரியாக வைத்துவிட்டால், டிரைவர் கை வைக்காமலே கலப்பை ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த லிஃப்ட் கெட்டுப்போன வண்டி ட்ரெய்லர் இழுக்கத்தான் உதவும்.

இனி இன்ஜினுக்கு வருவோம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கருப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். குளிரில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளைப் புகையைப் பொருட்படுத்த வேண்டாம். சூடான பிறகும் நின்றால் நாசிலையோ டைமிங்கையோ பார்க்க வேண்டும், ரேடியேட்டர் தண்ணீரும் சேர்ந்து குறைந்தால் ஹெட்டைச் சந்தேகிக்க வேண்டும். எங்கள் வண்டியில் பிரீதர் வழியாகவும் புகை தள்ளியது; ரிங்குகள் தேய்ந்துவிட்டன. லைனர், பிஸ்டன், ரிங் செட் மாற்றி, கிராங்கை லேத்தில் கொடுத்து கிரைண்டிங் செய்து அடுத்த அளவு பேரிங் போட்டோம். ஹெட்டில் வால்வு வேலை, டீசல் பம்பு காலிப்ரேஷன், புது நாசில், புது கேஸ்கட் செட். கூலி உட்பட 60,000 ரூபாய்க்குள் முடிந்தது. போர்வெல் உப்புநீர் ஊற்றியே ஓட்டியிருந்ததால் ரேடியேட்டர் பாதி அடைந்திருந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் புது பிஸ்டனை ஓட்டினால் அந்தக் காசு அத்தனையும் வீண். ஆயில் பாத் ஏர் கிளீனரின் கிண்ணத்தில் சேறாக உறைந்திருந்த பழைய ஆயிலைப் பார்த்தபோதே ரிங் ஏன் தேய்ந்தது என்று புரிந்தது. பத்து நிமிட வேலை அது. அதைச் செய்யாததால் ஓர் இன்ஜின் போனது.

பூட்டி முடித்ததும் உடனே ஸ்டார்ட் ஆகாது, குழாய் முழுக்கக் காற்று இருக்கும். இதை எல்லோருமே கற்றுக்கொள்ள வேண்டும். காட்டு நடுவில் டீசல் தீர்ந்து நின்றாலும் இதேதான் வேலை. ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரை வரும், பிறகு குமிழி குறையும், கடைசியில் தெளிந்த டீசல் ஓடும். ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு டீசல் பம்பிலும் அதையே செய்ய வேண்டும். அதன் பிறகு நாசில் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடித்தால் அங்கேயும் டீசல் சொட்டும். நட்டுகளை இறுக்கியதும் வண்டி எடுத்துவிடும்.

டயர் விஷயத்தில் நல்ல செய்தி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயருக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பின்டயர் ஜோடி, பேட்டரி, ஸ்டேரிங் பக்கத்துக் கிங்பின் புஷ்கள், முன் ஹப் பேரிங், கிளட்ச் எல்லாம் சேர்த்து இன்னொரு 70,000 ரூபாய் ஆனது. மொத்தம் மூன்று லட்சத்துக்குச் சற்றுக் கீழே. புது 1035 ஆறு லட்சத்தை ஒட்டி விற்கிறது. பெயின்ட்டுக்கு நான் ஒரு ரூபாய்கூடச் செலவிடவில்லை.

காகிதத்தில் கவனம் தேவை. ஆர்சி புக்கில் உள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் தேய்த்துப் படித்து ஒப்பிடுங்கள். கடன் இருந்த வண்டி என்றால் ஃபைனான்ஸ் தடையில்லாச் சான்றும், படிவம் 35-ம் கையில் வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். புதுப்பித்தால் ஐந்தாண்டு ஓடும். ட்ரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. விற்கிறவர்களுக்கும் இதில் அக்கறை வேண்டும். விபத்து நடந்தால் பதிவேட்டில் பெயர் இருப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. “பேரு அப்புறம் மாத்திக்கலாம்ண்ணே” என்ற பேச்சு இரு தரப்புக்கும் ஆபத்து.

சரி, வண்டி எப்படி ஓடுகிறது? ஒன்பது கொத்தை இழுக்க மணிக்கு மூன்றரை லிட்டரை ஒட்டி டீசல் குடிக்கிறது. தாழ்ந்த ஆர்பிஎம்மில் அதன் இழுவை அருமை. ஏற்றத்தில் திணறும்போதும் இன்ஜின் மூச்சு விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஐந்தடிக்கு மேற்பட்ட ரோட்டவேட்டரை மட்டும் இதில் மாட்டாதீர்கள். எங்களுடையது ஒற்றை கிளட்ச் வண்டி. கிளட்சை மிதித்தால் பிடிஓ நிற்கும், லிஃப்ட் பம்பும் நிற்கும். வரப்பு ஓரத்தில் திரும்பும்போது முதலில் கலப்பையைத் தூக்கிவிட்டுத்தான் கிளட்சை மிதிக்க வேண்டும். புது வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். ரோட்டவேட்டர் வேலைதான் அதிகம் என்றால் இரட்டை கிளட்ச் உள்ள வண்டியையே தேடுங்கள். பவர் ஸ்டேரிங் இல்லாததால் பாரம் ஏற்றிய ட்ரெய்லரோடு திருப்புவது தோளை வலிக்கச் செய்கிறது. சத்தமும் அதிகம்.

பாதுகாப்பில் இந்த வண்டி பலவீனமானது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவு இதில் இல்லை. ஏதாவது சிக்கிக்கொண்டால் சங்கிலியை டிராபாரில்தான் கட்ட வேண்டும். ஆக்ஸிலுக்கு மேலே கட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கிப் பின்னால் புரளும். தார்ச்சாலையில் போகும்போது இடது, வலது பிரேக் மிதிகளைக் கொக்கி போட்டு இணைக்காவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிடிஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. வேட்டியோ துண்டோ சிக்கினால் கை எடுக்க நேரம் இருக்காது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் அதன் மூடி தொலைந்திருக்கும். புது மூடிக்கு ஆகும் செலவு சொற்பம். நாங்கள் லைனருக்கு முன்னால் அதைத்தான் வாங்கினோம்.

இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேளாண்மைப் பொறியியல் துறை வண்டியை உழவன் செயலியில் பதிந்து வாடகைக்கு எடுப்பதே லாபம். எட்டு, பத்து ஏக்கரும், மழை பெய்த மறுநாளே உழுதாக வேண்டிய மானாவாரிக் காடும் உள்ளவர்கள், பக்கத்தில் நம்பகமான மெக்கானிக்கும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். பார்க்கப் போகும்போது வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லிவிட்டுக் காலையிலேயே போங்கள். போனதும் இன்ஜின் பிளாக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்று அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.