ஓப்பன் சோர்ஸ் என்றால் தனியுரிமை என்று அர்த்தமா?

கூகுள் தன் பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸை 2023 ஜூலை 1 அன்று நிறுத்தியதிலிருந்து, அதற்கு மாற்று எது என்று ஒப்பிடும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. பெரும்பாலும் ஒரு அட்டவணை இருக்கும். அதில் 'ஓப்பன் சோர்ஸ்', 'தனியுரிமை' இரண்டும் ஒன்றுதான் என்பதுபோல டிக் அடித்துக்கொண்டே போவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நிரலைத் திறந்து காட்டுவது ஒரு விஷயம், படிப்பவரைத் தனியாக விடுவது வேறு விஷயம்.

மடோமோவை எடுத்துக்கொள்வோம். 2007-ல் பிவிக் என்ற பெயரில் தொடங்கி, 2018-ல் பெயர் மாறிய அருமையான கட்டற்ற மென்பொருள். நம் சர்வரிலேயே ஓடும், தரவு வெளியே போகாது. ஆனால் நிறுவியபடியே விட்டால், வருபவரின் பிரவுசரில் 13 மாதம் வாழும் ஒரு குக்கியை வைக்கும். ஒருவர் எந்தப் பக்கத்துக்கு எப்போது வந்தார், அடுத்து எங்கே போனார் என்று ஆள் ஆளாகப் பட்டியல் தரும். பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் மடோமோவுக்கு 'அனுமதி கேட்கத் தேவையில்லை' என்று விலக்கு தருவதும் குறிப்பிட்ட அமைப்புகளை மாற்றி வைத்தால் மட்டும்தான். ஃபேதம் இதற்கு நேர் எதிர். இன்று விற்கப்படும் ஃபேதத்தின் நிரல் மூடியது, ஆனால் குக்கி வைப்பதில்லை. ஆக, ஒரு டிக் இன்னொன்றுக்கு உத்தரவாதம் இல்லை.

சின்னத் தளங்களில்தான் இது உண்மையில் வலிக்கும். லட்சம் பேர் வரும் தளத்தில் 'சென்னை, ஆண்ட்ராய்டு, இரவு 11 மணி' என்பது ஒரு கூட்டம். நாளைக்கு முப்பது பேர் வரும் தளத்தில் 'கோத்தகிரி, ஐபோன், இரவு 11 மணி' என்பது ஒரு ஆள். எங்கள் அரவேணு பக்கம் அது யார் வீட்டு போன் என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். அவர் படித்தது சிக்கிள் செல் ரத்தசோகை பற்றிய பக்கம் என்று வையுங்கள். இந்தியாவில் அந்த நோய்க்கூறு முதலில் பதிவானதே 1952-ல், இதே நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். பரம்பரையாக வரும் நோய், கல்யாணப் பேச்சு வரைக்கும் போகிற சங்கதி. பெயர் இல்லை, ஐபி முகவரி சேமிக்கவில்லை, சரி. ஆனாலும் ஆள் தெரிந்துவிட்டதே? மலையில் மொபைல் இணைப்பு பல நேரம் கோவை, சென்னை என்று ஊரைத் தப்பாகத்தான் காட்டும். அதனால் அந்த ஊர்க் கணக்கு நமக்குப் பெரிதாகப் பயன்படாது. சரியாகக் காட்டும் அந்த ஓரிரு நேரம்தான் ஆபத்து.

பிளாசிபிள் இங்கே பலரும் பரிந்துரைப்பது. ஏஜிபிஎல் உரிமம், சின்ன ஸ்கிரிப்ட், குக்கி கிடையாது. ஐபி முகவரி, பிரவுசர் விவரம், தளத்தின் பெயர் ஆகியவற்றோடு தினமும் மாறும் ஒரு ரகசிய எண்ணைச் சேர்த்து ஹாஷ் செய்கிறது. மறுநாள் அந்த எண்ணை அழித்துவிடுவதால் நேற்று வந்தவரும் இன்று வந்தவரும் ஒருவர்தானா என்று அதற்கே தெரியாது. நல்ல வடிவமைப்பு. ஆனால் ஊர், கருவி, பக்கம் என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி இதிலும் உண்டு, மேலே சொன்ன சிக்கல் அப்படியே நிற்கிறது.

இன்னொன்று, 'தனி வருகையாளர்' எண்ணிக்கையை நம் ஊரில் அப்படியே நம்ப முடியாது. மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐபிவி4 முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகின்றன. ஆண்ட்ராய்டு குரோமும் 2023 முதல் போன் மாடலை மறைத்து எல்லாருக்கும் ஒரே விவரத்தை அனுப்புகிறது. அதனால் பத்து பேர் ஒருவராக எண்ணப்படலாம். ஒருவரே வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இருவராகலாம். இந்த எண்ணை வைத்து 'வாசகர் கூடிவிட்டார்கள்' என்று குதிப்பதில் பொருளில்லை.

என் அளவுகோல் தமிழ் விக்கிப்பீடியா. எந்தக் கட்டுரை எத்தனை முறை பார்க்கப்பட்டது என்று 2015 ஜூலை முதலான கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கருவிகளை எண்ண விக்கிமீடியா பல ஆண்டுகள் பயன்படுத்திய குக்கியில் அடையாள எண் இருக்கவில்லை, கடைசியாக வந்த தேதி மட்டும். இன்றைய தேதி இல்லாமல் வந்தால் ஒன்று கூட்டு, அவ்வளவுதான். நாடுவாரியாகக் கட்டுரைக் கணக்கை 2023-ல் வெளியிட்டபோது வேண்டுமென்றே சிறு பிழையைக் கலந்தார்கள், மிகச் சிறிய எண்களை விட்டுவிட்டார்கள். சின்ன எண்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, எதை எடுப்பது? வலைப்பூ, சிறு அமைப்பின் தளம் என்றால் நான் கோட்கவுன்ட்டர் பக்கம். ஒரே கோப்பு, எஸ்கியூலைட் போதும். ஊர்ப் பகுதி, பிரவுசர் விவரம் என ஒவ்வொன்றையும் 'சேகரிக்காதே' என்று அணைத்துவிடலாம். ஆன்லைன் கடை நடத்துபவருக்கு இது பத்தாது. வாங்க வந்தவர் எந்தப் படியில் திரும்பிப் போனார் என்று பார்க்க வேண்டும். பிளாசிபிளைச் சொந்த சர்வரில் போட்டால் அந்த ஃபனல் வசதி கிடையாது, கட்டணச் சேவையில்தான். அவர்களுக்கு மடோமோ சரி, குக்கியையும் ஆள்வாரிப் பட்டியலையும் அணைத்துவிட்டு.

2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 'யாரென்று அடையாளம் காணக்கூடிய' ஒருவரைப் பற்றிய தரவு என்றுதான் பேசுகிறது, பெயர் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எனவே கருவியை நிறுவும் முன் ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தத் திரையை நம் ஊர்க்காரர் ஒருவர் பார்த்தால், படித்தது யாரென்று சொல்லிவிடுவாரா? சொல்லிவிடுவார் என்றால், அந்தத் தகவலைச் சேகரிக்கவே வேண்டாம்.