அடிநாதத்துக்கு ஓர் ஒயர்

தஞ்சாவூர்–திருச்சி ரயில் பாதையில் இருக்கும் பூதலூர், நாகஸ்வரமும் தவிலும் பழகிய காதுகளின் ஊர். அங்கே ஒரு வீட்டுக் கூடத்தில் மல்லாரி ஓடவிட்டால், சின்ன ஸ்பீக்கர்கள் தவிலின் வலந்தலையைத் தெளிவாகச் சொல்லிவிடும். குச்சியால் அடிக்கும் தொப்பியின் கும்காரத்தைத்தான் விழுங்கிவிடும். அதை மீட்டுத் தருவது சப்வூஃபர். ஆம்ப்ளிஃபயரைத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கும் பெட்டி அது. கேட்பதெல்லாம் ஒரு கரண்ட் பிளக்கும் ஒற்றை ஆர்.சி.ஏ. ஒயரும்தான்.

மின்சாரத்தை அணைத்துவிட்டு ரிசீவரின் ‘சப் அவுட்’ துளையில் முனையைச் செருகும்போது விரலில் உணரும் சிறு இறுக்கமே ஓர் இன்பம். தளர்ந்திருந்தால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் காட்டிக்கொடுத்துவிடும். அடிநாதத்தை மற்ற ஒலியிலிருந்து பிரித்து சப்வூஃபருக்கு அனுப்பும் எல்லையான கிராஸ்ஓவர் பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸில் நிற்கும். கைதேர்ந்தவரின் பொறுமை அதற்குப் பிறகுதான் தெரியும்: பெட்டியை, தான் உட்கார்ந்து கேட்கும் சோபாவில் ஏற்றிவைத்து, பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்தபடி கேட்பார். அடிநாதம் குமுறாமலும் மெலியாமலும் வரும் இடமே பெட்டிக்கு உரிய இடம். வீட்டார் சிரிப்பார்கள், நியாயம்தான். அடுத்து ஃபேஸ் சுவிட்ச்: 0, 180 டிகிரி இரண்டையும் மாற்றிப் பார்த்து, ஒலி கனக்கும் பக்கத்தில் விடுவார். ஒலியளவுக் குமிழைத் திருப்புவதில்தான் ரசனை. பெட்டி இருக்கும் திசை காதுக்குத் தெரிந்துவிட்டால், கொஞ்சம் குறைத்தாக வேண்டும்.