மறைந்தவரின் குரலில் பாடுவது யார்?

பாடகர் சாகுல் ஹமீது தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சாலை விபத்தில் மறைந்தார். பாடகர் பம்பா பாக்யா 2022இல். இருவர் குரலும் 2024இல் வந்த ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிரி எழுடா’ பாடலில் கேட்கிறது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அவற்றை மீட்ட ஏ.ஆர். ரகுமான், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய தொகையும் கொடுத்ததாக அறிவித்தார். அதே ஆண்டு, மறைந்து சில மாதங்களே ஆன தன் அக்கா பவதாரிணியின் குரலை ‘கோட்’ படத்தில் யுவன் சங்கர் ராஜா ஒலிக்கவைத்தார். அதைக் கேட்டுக் கண்கலங்கியவர்களின் உணர்வு பொய்யானதல்ல. ‘ராசாத்தி’ பாடிய சாகுல் ஹமீதின் குரல் இன்னொரு பாட்டில் வராதா என்று ஏங்கியவர்களில் நானும் ஒருவன்.

ரகுமான் காட்டிய நேர்மை எல்லோரிடமும் இல்லை. ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி.யின் குரலை அனுமதி கேட்காமலேயே பயன்படுத்தியதாக அவர் மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தன் குரலை நகலெடுக்கும் செயலிகளுக்கு எதிராகப் பாடகர் அரிஜித் சிங் வழக்குத் தொடர, மும்பை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. நம் பதிப்புரிமைச் சட்டம் பாடகர் நிகழ்த்தியதற்கு 50 ஆண்டுப் பாதுகாப்புத் தருகிறது. குரலைப் பற்றித் தனியாக எதுவும் சொல்வதில்லை.

ஆனால் குடும்பத்தின் சம்மதத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. குரல் மாற்றும் மென்பொருள் பெரும்பாலும் தானாகப் பாடுவதில்லை. ஒருவர் முதலில் முழுப் பாட்டையும் பாடித் தர வேண்டும். சுருதி, மூச்சு, சங்கதி, சொல்லில் ஏறும் உணர்ச்சி அனைத்தும் அவருடையவை. குரலின் நிறம் மட்டும் மாறுகிறது. ரசிகர் கைதட்டுவதோ இறந்தவருக்கு.

தமிழ்த் திரையிசையில் டிராக் பாடுவது, அதாவது முதன்மைப் பாடகருக்காக மாதிரியாகப் பாடிவைப்பது, புதியவர்களுக்கு வாசலாக இருந்திருக்கிறது. பெரிய பாடகருக்காகப் பாடிவைத்த டிராக் இசையமைப்பாளருக்குப் பிடித்துப்போய், அதுவே படத்தில் இடம்பெற்றதுண்டு. பழகிய குரலை மேலே பூசிக்கொள்ள முடியும் என்றானபின், முகமறியாத குரலுக்கு எந்தத் தயாரிப்பாளர் துணிவார்? இறந்தவருக்கும் இது முழு நியாயமல்ல. ஒரு வரியைப் பாட மாட்டேன் என்று மறுக்கும் உரிமை அவருக்கு இருந்தது; வாரிசு அதை ஊகிக்கத்தான் முடியும்.

ஆகவே, மீட்ட குரலுக்கு அடியில் பாடியவரின் பெயர் படத்திலும் பாடல் விவரத்திலும் வர வேண்டும். டிராக்குக்கான கூலியல்ல, பாடகருக்கான ஊதியமே அவருக்குச் சேர வேண்டும். உயிரோடிருக்கும் பாடகர்களின் ஒப்பந்தத்தில், குரலைக் கொண்டு மென்பொருளைப் பயிற்றுவிப்பதற்குத் தனிச் சம்மதம் எழுதப்பட வேண்டும். திரையிசைச் சங்கங்கள் இதை இப்போதே கேட்டாக வேண்டும். வழக்கமாகிவிட்ட பிறகு கேட்டால், இத்தனை நாள் இல்லாத புது உரிமையா என்பார்கள்.